எல்லைக் கல்லும் அயல் வீடும்

(யூபிலி விழாவின் இரண்டாம் நாள் மாலை, கோயில் முன்றலில் ஆற்றிய உரை)

 

விழாக் குழுவினர் என்னிடம் வந்து, "விதானையார், பங்கின் வரலாற்றைப் பற்றி நீங்கள் பேச வேண்டும்" என்று கேட்டார்கள். வரலாற்றை நேற்றைய தினம் நம் ஆசிரியர் அவர்கள் என்னிலும் நன்றாகப் பேசி முடித்துவிட்டார். ஆகவே நான் காணியைப் பற்றிப் பேசப் போகின்றேன். யூபிலி மேடையிலே காணிச் சண்டையா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் ஞாயிறு பூசைக்கு வருகிறபோது ஒருவரோடொருவர் பேசாமல் ஒழுங்கையின் இரு கரையாலும் நடந்து வருகின்ற குடும்பங்கள் எவை எவை என்று எனக்குத் தெரியும். பூசையிலே சமாதானம் கூறும் வேளையில் யார் எந்தப் பக்கம் திரும்புவதில்லை என்பதும் தெரியும். 1980-ஆம் ஆண்டு முதல் கிராம சேவகனாக இருந்து 2015-இல் இளைப்பாறியவன் நான். இன்னும் நீங்கள் என்னை விதானையார் என்றே அழைக்கின்றீர்கள். அந்த உரிமையோடு பேசுகின்றேன்.

நம் பங்கு 50 ஆண்டு நிறைவைக் கொண்டாடுகிறது. இந்த ஐம்பதில் 27 ஆண்டுகள் இந்தக் கோயிலிலே பூசை இல்லை, மணியோசை இல்லை, சேமக்காலையிலே ஒரு மெழுகுதிரி கூட இல்லை. 1990-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வலிகாமம் வடக்கை விட்டு நாம் ஓடினோம். இரண்டு நாளிலே திரும்பி வருவோம் என்று எண்ணி, அடுப்பிலே உலை வைத்தபடியே வந்தவர்கள் இந்தக் கூட்டத்திலே இருக்கின்றார்கள். பின்னர் இது உயர் பாதுகாப்பு வலயம் ஆயிற்று. 2013-இல் வலிகாமம் வடக்கிலே 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கு அறிவித்தல் ஒட்டினார்கள். மக்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2015-இலிருந்து துண்டு துண்டாகக் காணிகள் விடுபட்டன. நமக்கு 2017-இலே வழி திறந்தது. இன்றும் விடுபடாத காணிகள் உண்டு. அது பெரிய வழக்கு. அதைப் பேசுவதற்கு என்னிலும் வல்லவர்கள் இருக்கின்றார்கள். நான் பேச வந்தது விடுபட்ட காணிகளைப் பற்றி. வெளியார் விட்டுச் சென்ற பிறகு நமக்குள்ளே நாம் தொடங்கிய வழக்குகளைப் பற்றி.

யூபிலி என்ற சொல்லே காணியோடு பிறந்த சொல். லேவியர் ஆகமத்தின் 25-ஆம் அதிகாரத்தைப் படித்தவர்கள் அறிவார்கள்: ஐம்பதாம் ஆண்டிலே எக்காளம் ஊதி, ஒவ்வொருவனும் தன் காணியாட்சிக்குத் திரும்ப வேண்டும் என்பது அங்கே கூறப்பட்ட சட்டம். ஆனால் அந்தச் சட்டத்திலே நாம் கவனியாத ஒரு நுட்பம் இருக்கின்றது. காணியை வாங்குகிறவன் அடுத்த யூபிலிக்கு எத்தனை ஆண்டு இருக்கிறதென்று எண்ணி, அதற்கேற்ற விலையைத்தான் கொடுக்க வேண்டும். அதாவது, எந்த நாளிலே எழும்ப வேண்டுமென்பது அங்கே குடியிருப்பவனுக்கு முதலிலேயே தெரியும். நமக்கு அந்த நாள் தெரியவில்லை. போனவருக்கும் தெரியாது, அவர் விட்டுச் சென்ற வீட்டிலே வந்து இருந்தவருக்கும் தெரியாது. நம்முடைய சிக்கல்கள் பெரும்பாலும் அங்கேதான் முளைத்தன.

2017-இலே முதன்முதல் உள்ளே வந்தபோது நாம் கண்டது என்ன? காடு. வேலி என்று ஒன்றுமில்லை. கிளுவைக் கதியாலும் முள்முருக்கும் எங்கள் கண்ணுக்கு எல்லையாக இருந்தவை. அவற்றிலே சில பட்டுப்போயின, சில பெருமரமாகிவிட்டன. மதில்களைக் கனரக இயந்திரம் தள்ளிவிட்டிருந்தது. கூரை, நிலை, கதவு ஒன்றுமில்லை. சிலருடைய வீட்டின் அத்திவாரக் கல்லே இல்லை. தன் வளவுக்குள்ளே நின்றுகொண்டு தன் வளவு எங்கே என்று கேட்டு அழுத தாய்மார்களை நான் கண்டேன். அசையாமல் நின்றவை கிணறுகள் மாத்திரந்தான். அவற்றிலும் சில தூர்ந்து போயிருந்தன.

இந்த நிலையிலே உறுதியை எடுத்துப் பார்த்தால் என்ன எழுதியிருக்கும்? நம்முடைய பழைய உறுதிகளை எழுதிய நொத்தாரிசுமார் பலர் அளவைப் படம் வைத்து எழுதியவர்கள் அல்லர். காணியின் பெயர், இத்தனை பரப்பு, கிழக்கே இன்னார் காணி, வடக்கே ஒழுங்கை, மேற்கே இன்னாரின் மனைவி காணி, தெற்கே இன்னாரும் பங்காளரும் என்று எழுதி, "பங்குக் கிணறும் வழி வாய்க்காலும் உட்பட" என்று முடித்திருப்பார்கள். அந்த இன்னார் இறந்து 60 ஆண்டு ஆகியிருக்கும். அவருடைய பிள்ளைகள் பிரான்சிலும் கனடாவிலும் இருப்பார்கள். எல்லையாக எழுதப்பட்டது கல் அல்ல, மனிதர். மனிதர் இடம்பெயர்ந்ததும் எல்லையும் இடம்பெயர்ந்து போயிற்று.

உறுதியைத் தொலைத்தவர்களுக்கு இடையிலே ஒன்று சொல்லிவிடுகின்றேன். உறுதி தொலைந்தால் உரிமை தொலைந்துவிட்டது என்று எண்ணி, யாரோ சொன்ன விலைக்குக் காணியைக் கொடுத்தவர்கள் இருக்கின்றார்கள். அது தவறான எண்ணம். நொத்தாரிசு எழுதிய உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகின்றது. அங்கே தேடிப் பிரதி எடுக்கலாம். வாரிசு உரிமையைக் காட்டப் பிறப்பு, விவாகப் பத்திரங்கள் இல்லையென்றால் கோயில் ஏடுகள் துணை நிற்கும். நம் பங்கின் ஞானஸ்நான ஏட்டையும் விவாக ஏட்டையும் அன்றைய பங்குத் தந்தை உரப்பையிலே கட்டித் தோளிலே சுமந்துகொண்டு போனார் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஏடுகளை வைத்துத் தங்கள் பாட்டன் பெயரை நிரூபித்த குடும்பங்கள் இன்று இந்த முன்றலிலே இருக்கின்றன.

இனி, சொல்வதற்கு எனக்குக் கூச்சமாக இருக்கின்ற ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டும். சம்பந்தப்பட்ட இரு குடும்பத்தாரிடமும் அனுமதி பெற்ற பின்பே சொல்லுகின்றேன். பெயர் சொல்லமாட்டேன், நீங்களும் ஊகித்துத் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

2017-இன் கடைசியிலே நம்மவர் ஒருவர் என்னிடம் வந்தார். வீட்டுத்திட்டம் கிடைத்திருக்கிறது, அத்திவாரம் போட்டால்தான் அடுத்த கட்டப் பணம் வரும், எல்லையை வந்து காட்டுங்கள் என்றார். நான் போனேன். அங்கே நின்ற ஒரு பெரிய பூவரசைக் காட்டி, "இதுதான் தம்பி எல்லை. இந்த வேலியோரம் எத்தனை தரம் நான் சைக்கிளைச் சாத்தியிருக்கிறேன்" என்றேன். அவர் என் சொல்லை நம்பி அத்திவாரம் வெட்டினார், சுவரும் எழுப்பினார். கிழக்குப் பக்கத்துக் காணி ஒரு பெண்ணின் சீதனக் காணி. அவள் அப்பொழுது ஊருக்குத் திரும்பியிருக்கவில்லை. வன்னியிலிருந்து வந்து, தாயோடு வேறிடத்திலே இருந்தாள். போரின் கடைசி மாதங்களிலே அவளுடைய கணவன் காணாமற் போய்விட்டான்.

ஓராண்டின் பின் அவள் வந்தாள். காணியைப் பார்த்தாள். நேரே என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. "மாமா, எங்கட பூவரசு வேலியிலை நிண்டதில்லை. அப்பா கிணத்தடி நிழலுக்கெண்டு உள்ளுக்கு வைச்சவர்" என்றாள்.

நான் என்ன செய்தேன்? கோபித்தேன். முப்பத்தைந்து ஆண்டு இந்த ஊர்க் காணி பார்த்தவனுக்கு நீ எல்லை படிப்பிக்கிறாயோ என்று கேட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். அதன் பின் இரு குடும்பமும் பேச்சை நிறுத்தியது. அவளுடைய தாயார் இறந்தபோது அயல் வீட்டார் செத்த வீட்டுக்குப் போகவில்லை. நம் ஊரிலே அதற்கு மேல் ஒரு பகை உண்டா?

பின்பு பங்குத் தந்தை சொல்லி, நில அளவையாளர் ஒருவரை அழைத்து அளந்தோம். மண்ணை ஓரடி தோண்டியபோது பழைய எல்லைக் கல் வந்தது. அதற்கு நேரே பழைய மதிலின் அத்திவாரமும் வந்தது. நான் காட்டிய இடத்திலிருந்து ஐந்தடி மேற்கே! நீளம் 100 அடி. கணக்குப் பார்த்தால் இரண்டு பேர்ச்சுக்கும் குறைவு. 16 பரப்பு ஒரு ஏக்கர் என்று பெரிய கணக்குப் பேசுகின்ற ஊரிலே இரண்டு பேர்ச் என்ன பெரிது என்று நினைப்பீர்கள். அவளுக்கு அது பெரிது. தகப்பன் வைத்த மரம் அதிலே நிற்கிறது.

என்னுடைய ஞாபகம் எனக்கே பொய் சொல்லியிருந்தது. நான் சைக்கிள் சாத்திய பூவரசு வேறு. அது எப்போதோ பட்டுப்போயிற்று. இந்த மரம் 1990-இலே கையளவு தடியாக உள்ளே நின்றது, 27 ஆண்டிலே மரமாகிவிட்டது. நான் பொய் சொல்லவில்லை, ஆனால் நான் சொன்னது பொய். இரு வீட்டுக்கும் போய், இரு வீட்டு வாசலிலும் நின்று, பிழை என்னுடையது என்று சொன்னேன். அதைச் சொல்லுவதற்கு எனக்கு மூன்று கிழமை பிடித்தது.

சுவரை இடிக்க வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. வீட்டுத்திட்டப் பணத்திலே ஒருமுறைதான் கட்ட முடியும், அது அவளுக்குத் தெரியும். அவர் கட்டிய துண்டுக்கு ஈடாகத் தன் காணியின் பின்புறத்திலே அதே அளவை அவர் அவளுக்கு எழுதிக் கொடுப்பதென்றும், பூவரசு நிற்கின்ற இடத்தை மாத்திரம் வளைத்து வேலி போடுவதென்றும் பேசி முடித்தோம். அளவைப் படத்திலே அந்த வளைவு இருக்கிறது. அதைப் பார்த்த நொத்தாரிசு, இதென்ன பாம்பு போன எல்லை என்று சிரித்தார்.

ஆனால் அதோடு முடியவில்லை. தேசவழமைக்குட்பட்ட மனைவி தன்னுடைய அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். 1911-ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைச் சட்டம் அப்படிச் சொல்லுகிறது. சம்மதம் கேட்க அவளுடைய கணவன் எங்கே? மரணப் பத்திரம் எடு என்று சிலர் சுலபமாகச் சொன்னார்கள். அவன் செத்துப்போனான் என்று என் கையால் ஒப்பமிடமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். அவளை யார் குற்றம் சொல்லலாம்? காணாமற் போனவர் என்றே சான்று பெறுகின்ற வழி 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் உண்டாயிற்று. கணவனின் இருப்பிடம் தெரியாதவிடத்து மாவட்ட நீதிமன்றமே அனுமதி கொடுக்கலாம் என்று அந்தப் பழைய சட்டத்திலும் இடமிருக்கிறது. அந்த வழியாலே போய், உறுதி முடிய 14 மாதம் ஆயிற்று. நான் ஒரு நிமிடத்திலே விரல் நீட்டிக் காட்டிய எல்லைக்கு 14 மாதம்! இந்த ஊரிலே எல்லை காட்ட என்னைக் கூப்பிடுகிறவர்கள் இனிமேல் அளவை நாடாவையும் கொண்டு வரட்டும்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஊருக்குத் திரும்பிய நாம் நம்மைக் காணிக்காரர் என்று மட்டுமே எண்ணிக்கொள்கின்றோம். இந்த 27 ஆண்டு நாம் எங்கே இருந்தோம்? மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் நலன்புரி நிலையங்களிலே இருந்தோம். அந்த நிலையங்களில் பல அமைந்திருந்தது தனியார் காணிகளிலே. யாரோ ஒருவருடைய தோட்டக் காணி, யாரோ ஒருவருடைய மகளுக்குச் சீதனமாக வைத்த வளவு. அங்கே நம் பிள்ளைகள் பிறந்தார்கள், பேரப்பிள்ளைகளும் பிறந்தார்கள். நம்முடைய கொட்டிலுக்காகத் தன் மகளின் கலியாணத்தை வேறு காணி விற்று ஒப்பேற்றிய ஒருவரை எனக்குத் தெரியும். ஆண்டுக்கொருமுறை வந்து வேலிக்கு வெளியே நின்று, "எப்ப போவியள்?" என்று கேட்பார். கோபமாகக் கேட்பதில்லை. நாமும், "வருசத்துக்குள்ளை விடுவாங்களாம் அண்ணை" என்று சொல்லி அனுப்புவோம். 20 ஆண்டுக்கு மேல் அந்தக் கேள்வியும் அந்தப் பதிலும் மாறவில்லை.

அவர் நினைத்திருந்தால் பொலிசுக்குப் போயிருக்கலாம். நாம் நினைத்திருந்தால், பத்து ஆண்டு இருந்துவிட்டோம், காணி எங்களுடையது என்று வழக்கு வைத்திருக்கலாம். 1871-ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டத்தைச் சிலர் எனக்கே வாசித்துக் காட்டினார்கள். உரிமையாளருக்கு எதிராக, இடையூறில்லாமல் பத்து ஆண்டு ஆட்சி செய்தால் உரித்து வரும் என்பது அதன் சாரம். அனுமதியோடு இருந்தவனுக்கு அது பொருந்தாது என்பதை அவர்கள் வாசிக்கவில்லை. நம்மில் ஒருவரும் வழக்கு வைக்கவில்லை என்பதைப் பெருமையோடு சொல்லுகின்றேன். ஆனால் அந்தக் காணிக்காரரை இந்த யூபிலிக்கு அழைத்தோமா என்று விழாக் குழுவினரை நான் கேட்டபோது பதில் வரவில்லை. பின்பு அழைத்தார்கள். அதோ, மூன்றாம் வரிசையிலே இருக்கின்றார். எழுந்து நிற்க வேண்டாம் ஐயா, இருங்கள்.

எல்லோரும் அப்படி இருந்தோம் என்று சொல்ல முடியுமா? முடியாது. 1990-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திலே வடக்கிலிருந்த முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்திலே அவர்களுக்கு இரண்டு மணி நேரமே கொடுக்கப்பட்டது. சுமார் 75,000 பேர் வடக்கை விட்டுப் போனார்கள். நாம் ஜூனிலே ஓடினோம், அவர்கள் அக்டோபரிலே துரத்தப்பட்டார்கள். இடையிலே நான்கு மாதம். நாம் இழந்த வீட்டை எண்ணி அழுதுகொண்டே, அவர்கள் பூட்டிவிட்டுப் போன வீட்டுக்குள்ளே போய் இருந்தவர்கள் நம்மிலும் உண்டு. என் சொந்தத்திலேயே உண்டு. ஒதுங்க இடமில்லாமல் போனார்கள். அதைக் குற்றமென்று நான் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்காரரின் மகன் புத்தளத்திலிருந்து உறுதியோடு வந்தபோது என்ன நடந்தது? அவரை முற்றத்திலே நிற்க வைத்துத் தேநீர் கொடுத்தார்கள். தன்னுடைய தகப்பன் கட்டிய வீட்டின் முற்றத்திலே, விருந்தாளியைப் போல!

என் சொந்தக்காரர் ஆட்சியுரிமை என்று பேசினார். நான் அவரிடம் ஒரு கேள்விதான் கேட்டேன்: "ஊரிலே உன் வீட்டில் இத்தனை ஆண்டு இருந்தவன் இதையே உன்னிடம் சொன்னால் நீ என்ன செய்வாய்?" அவர் பதில் சொல்லவில்லை; ஆனால் இறங்கி வந்தார். பிள்ளையின் பரீட்சை முடியும் வரை ஆறு மாத அவகாசம் என்றும், அவர் போட்ட கூரைச் செலவிலே ஒரு பகுதியை வீட்டுக்காரர் கொடுப்பதென்றும் ஒத்துக்கொண்டார்கள். கொடுக்க வேண்டிய கடமை வீட்டுக்காரருக்கு இருந்ததா என்று கேட்டால், சட்டப்படி வழக்காடிப் பார்த்திருக்கலாம். அவர் வழக்காடவில்லை. திறப்பைக் கொடுத்த அன்று அவர்தான் இவருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார்.

இந்த அநீதியைப் போக்க 2016-இலே 5-ஆம் இலக்கச் சட்டமொன்று வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் நடவடிக்கையினால் நீதிமன்றம் போக முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அந்த ஆண்டுகளை எண்ணக்கூடாது என்பது அதன் நோக்கம். நல்ல சட்டம். ஆனால் குறித்த காலத்துக்குள்ளே வழக்கு வைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதோடு வந்தது. சட்டத்தின் செய்தி முகாமுக்கும் புத்தளத்துக்கும் போய்ச் சேருமுன் காலம் ஓடிவிட்டது. சட்டம் வந்ததே தெரியாதவர்கள் பலர்.

உலகத்திலே இப்படி நடந்தது நமக்கு மாத்திரம் அல்ல. பொஸ்னியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1995-இலே அங்கே போர் முடிந்தபோது ஒருவன் வீட்டிலே இன்னொருவன், அவன் வீட்டிலே வேறொருவன் என்று சங்கிலியாக இருந்தார்கள். குரோவாசியக் கத்தோலிக்கர், முஸ்லிம்கள், சேர்பியர் மூவரும் மூவருடைய வீட்டிலும் இருந்தார்கள். சுமார் 2,00,000 விண்ணப்பங்கள் வந்தன. 1999-இலிருந்து கடுமையாக நடைமுறைப்படுத்தி, சில ஆண்டுகளிலே நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் முடித்தார்கள். எப்படி முடிந்தது? விண்ணப்பம் வந்த தேதி வரிசையிலே எடுத்தார்கள். இனத்தையும் செல்வாக்கையும் பார்க்கவில்லை. எழும்பிப் போக வேண்டியவனுக்கு உண்மையிலேயே வேறிடம் இல்லையென்றால் தற்காலிக இடம் காட்டினார்கள். இருந்தும் எழும்பாதவனை எழுப்பினார்கள். 2005-இலே ஐக்கிய நாடுகள் சபையில் உருவான கோட்பாடுகளிலும் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன: உரியவனுக்குக் காணி, இருந்தவனுக்குத் தெருவல்லாத ஓரிடம். ஆனால் ஒன்று. வீடு திரும்பக் கிடைத்தவர்களில் எத்தனையோ பேர் அந்த வீட்டை விற்றுவிட்டு வேறூர் போனார்கள். காணி திரும்பியது, அயல் திரும்பவில்லை. நான் பயப்படுவது அதற்குத்தான்.

ஏனென்றால், நம் ஊரிலும் அந்தக் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது. தாய் தகப்பன் முதுசொமாக விட்டுப்போன பிரிபடாத காணி. ஐந்து பிள்ளைகள், மூவர் வெளிநாட்டிலே. முகாமிலே கிடந்து தாயைப் பார்த்த பிள்ளை இங்கே கொட்டில் போட்டு இருக்கின்றாள். வெளிநாட்டுப் பிள்ளை யாருக்கோ அற்றோணித் தத்துவம் கொடுத்துத் தன் பங்கை விற்கப் பார்க்கின்றான். பங்காளிக்கு முதலிலே அறிவித்துத்தான் பிறருக்கு விற்கலாம் என்று தேசவழமை சொல்லுகிறது. 1947-ஆம் ஆண்டின் சட்டமும் அதைக் காக்கிறது. அறிவிக்கின்றார்களா? பங்குபிரிப்பு வழக்கு ஒன்றைத் தொடங்கிவைத்துவிட்டுச் செத்துப்போன தகப்பன்மாரின் பிள்ளைகள் இன்னும் நீதிமன்றப் படிக்கட்டிலே நிற்கின்றார்கள். வெளிநாட்டிலிருந்து விழாவுக்கு வந்திருக்கின்ற பிள்ளைகளே, நீங்கள் கோயிலுக்குக் கொடுத்த கொடைக்கு நன்றி. அக்காவின் கொட்டிலையும் ஒருதரம் போய்ப் பாருங்கள்.

வழி என்னவென்று கேட்பீர்கள். 1988-ஆம் ஆண்டின் 72-ஆம் இலக்கச் சட்டப்படி மத்தியஸ்த சபைகள் உண்டு. காணிப் பிணக்குக்கென விசேட சபைகளும் பின்னர் வடக்குக் கிழக்கிலே வந்தன. அங்கே கட்டணம் இல்லை, உங்களுக்காக அப்புக்காத்து வந்து பேசுவதும் இல்லை. இரு பகுதியாரும் தாங்களே பேச வேண்டும். சபையார் தீர்ப்புச் சொல்வதில்லை. நீங்கள் ஒத்துக்கொண்டதை எழுதித் தருவார்கள். ஒத்துக்கொள்ள முடியாவிட்டால் அதற்கும் ஒரு பத்திரம் தருவார்கள், அதைக் கொண்டு நீதிமன்றம் போகலாம். உரித்தைப் பற்றிய பெரிய வழக்கை அங்கே முடிக்க முடியாமற் போகலாம். ஆனால் எல்லை, வழி, வாய்க்கால், கிணற்றுப் பங்கு இவையெல்லாம் அங்கே முடிகின்றன. நான் கண்டிருக்கின்றேன். ஒத்துக்கொண்ட பின் ஒன்று செய்ய மறவாதீர்கள். நில அளவையாளரைக் கொண்டு படம் கீறி, நொத்தாரிசு முன் எழுதி, பதிவகத்திலே பதிந்துவிடுங்கள். வாய்ச்சொல்லிலே முடித்த எல்லை இன்னொரு தலைமுறைக்கு நிற்காது. அதற்கு நானே சாட்சி.

கிணற்றைப் பற்றி ஒரு சொல். மூன்று குடும்பத்துப் பங்குக் கிணறொன்றை முதலிலே திரும்பி வந்த குடும்பம் தன் செலவிலே தூர்வாரி இறைத்து, வேலிக்குள்ளே அடைத்துவிட்டது. அவர்கள் செலவழித்தது உண்மை. மற்றவர்கள் பங்கு உண்டென்பதும் உண்மை, உறுதியிலே இருக்கிறது. இரண்டு உண்மையும் இரண்டு ஆண்டு சண்டை பிடித்தன. கடைசியிலே செலவை மூன்றாகப் பிரித்தார்கள். பின்னர் வந்த இருவரும் தவணையிலே கொடுத்தார்கள். ஆறடி வழி விட்டார்கள். இப்பொழுது அந்தக் கிணற்றடியிலே காலையிலே சத்தம் கேட்கிறது. அது சண்டைச் சத்தமல்ல, வாளிச் சத்தம்.

இனி நம்முடைய வீட்டு விடயத்துக்கு வருகின்றேன். பங்குத் தந்தை அவர்கள் அனுமதித்தபடியால் சொல்லுகின்றேன். நம் சேமக்காலையின் வடக்கு மதில் 2018-இலே புதிதாகக் கட்டப்பட்டது. அந்த மதில் தங்கள் காணிக்குள்ளே வந்துவிட்டதென்று வடக்கே இருக்கின்ற குடும்பத்தார் சொல்லுகின்றார்கள். அவர்கள் சைவ சமயத்தவர்கள். 1990-க்கு முன் நம்முடைய திருநாளுக்கு ஆண்டுதோறும் வாழைக்குலை கொண்டு வந்தவர்கள். மூன்று ஆண்டாகச் சொல்லுகின்றார்கள். கோயிலோடு வழக்காடக் கூசி, மெதுவாகச் சொல்லுகின்றார்கள். மெதுவாகச் சொன்னபடியால் நமக்கும் கேட்கவில்லை. அந்த மதிலுக்கு அத்திவாரம் வெட்டியபோதும் எல்லை காட்டியவன் நான்தான்.

பங்குச் சபை சென்ற மாதம் கூடி, கோயிற் காணியை அளப்பதென்று தீர்மானித்தது. வருகின்ற செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு நில அளவையாளர் வருகின்றார். வடக்கு வீட்டுக்காரரும் தங்கள் உறுதியோடு வர இசைந்திருக்கின்றார்கள். மதிலின் அடியை இரண்டு இடத்திலே தோண்ட வேண்டியிருக்கும். இளைஞர் மன்றத்தினர் நான்கு பேர் மண்வெட்டியும் அலவாங்கும் கொண்டு வரவும். பழைய மதில் நின்ற காலத்துப் படம் எவரிடமாவது இருந்தால், கலியாணப் படமோ செத்த வீட்டுப் படமோ, பின்னாலே மதில் தெரிந்தாற் போதும், திங்கள் மாலைக்குள் பங்குப் பணிமனையிலே கொடுங்கள்.

நானும் வருவேன். எல்லை காட்ட அல்ல, நாடாவின் மறுமுனையைப் பிடிக்க.